மிதவை ஏன் படுத்தது?

"கல்யாணத்துக்கு முதல் நாள் கடல்ல குதிக்கிற ஆம்பளை ஒண்ணு முத்து எடுக்கப் போறான், இல்லேன்னா தப்பிச்சு ஓடப் போறான்," என்றான் வால். "முத்து எதுவும் இதுவரைக்கும் நம்ம கண்ணுல படல."

"வாயை மூடுடா," என்றாள் அத்தை.

வால் என்பது அவன் பெயரல்ல. துப்பறியும் அத்தைக்குப் பின்னாலேயே எல்லா இடத்துக்கும் போவதால் ஒட்டிக்கொண்ட பட்டம். முப்பது வயதாகியும் சேட்டை குறையாததால் அது உதிரவும் இல்லை. அத்தைக்கும் போலீஸ்காரர்கள் ஒரு பட்டம் வைத்திருந்தார்கள்: பூதக்கண்ணாடி. அவள் மூக்குக் கண்ணாடியின் கனம் அப்படி. அவள் உற்றுப் பார்த்தால், எதிரே இருப்பவருக்குத் தன் சட்டைப் பொத்தானில் ஏதோ தப்பு இருப்பதுபோல் கை தானாகக் கழுத்துக்குப் போகும்.

இருவரும் நின்றிருந்தது கடலோர டைவிங் கடையின் பின் அறையில். கொக்கிகளில் தலையில்லாத மனிதர்கள் மாதிரி ரப்பர் சூட்டுகள் தொங்கின. மூலையில் காற்று சிலிண்டர்கள் வரிசை கட்டி நின்றன. ஜன்னலுக்கு வெளியே படகுத்துறை, அதற்கப்பால் ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்த கடல்.

அவர்களை வரவழைத்தவர் கல்யாணப் பெண். ஒரு பல் டாக்டர். கிளினிக்கிலிருந்து நேராக ஓடி வந்திருந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை, பாக்கெட்டில் ரப்பர் கையுறை எட்டிப் பார்த்தது.

"நாளைக்குக் காலைல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எங்க கல்யாணம்," என்றார் டாக்டர். "அவர் இந்தக் கடையில டைவிங் சொல்லிக் கொடுக்கிறவர். இன்னைக்குக் காலைல எங்க அண்ணனைக் கூட்டிட்டுக் கடலுக்குள்ள இறங்கினார். அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். கடலோரக் காவல்படை தேடிட்டிருக்கு. மேடம், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவர் ஓடிட்டாரா, மூழ்கிட்டாரா? ஓடிட்டார்னா நானே பிடிச்சுக்கறேன். மூழ்கிட்டார்னா..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. வால் முதல்முறையாகத் தன் வாயை நினைத்துக் கூச்சப்பட்டான். ஆனால் அந்தக் கூச்சம் நெடுநேரம் தங்கவில்லை. மாப்பிள்ளையின் லாக்கரை அவன் ஏற்கெனவே திறந்து பார்த்திருந்தான்.

"மேடம், லாக்கர் சுத்தமா காலி," என்று அத்தையின் காதில் கிசுகிசுத்தான். "ஒரு பனியன்கூட இல்ல. திட்டம் போட்டுக் கிளம்பின ஆளு."

கிசுகிசு டாக்டருக்கும் கேட்டுவிட்டது. "அதெல்லாம் எங்க வீட்டு பால்கனியில காயுது. நேத்து நான்தான் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போய்த் துவைச்சேன். கல்யாணத்துக்கு அப்புறமும் மீன் நாத்தத்தோட வீட்டுக்குள்ள வரலாம்னு நினைச்சுட்டார் போல."

"ஒரு துப்பு துவைச்சுப் போச்சு," என்றாள் அத்தை. "படகுக்காரர் எங்கே?"

படகுக்காரர் படகுத்துறைப் படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். காவல்படை அதிகாரி அவரை ஏற்கெனவே வறுத்து எடுத்துவிட்டுப் போயிருந்தார். "ஆளை நடுக்கடல்ல விட்டுட்டு வெறும் பலூனைக் கூட்டிட்டு வந்தவன்" என்று பேர் வேறு வைத்தாயிற்று. உத்தரவு வரும்வரை படகைத் தொடக்கூடாது. லைசென்ஸ் ஏறக்குறையப் போய்விட்டது.

"நடந்ததை முதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள் அத்தை. "எனக்குக் கடல் தெரியாது. இவனுக்குக் குளியலறைகூடத் தெரியாது."

"நல்லா சொன்னீங்க மேடம்," என்றான் வால்.

"இங்க யாரும் நீந்திப் போறதில்லம்மா," என்றார் படகுக்காரர். "தண்ணிக்குள்ள ஒரு ஓட்டம் இருக்கு. இறங்கினா போதும், பஸ்ல உட்கார்ந்த மாதிரி அதுவே கூட்டிட்டுப் போகும். ஆனா மேல படகுல இருக்கிற எனக்கு ஆள் தெரியாது. இதுதான் தெரியும்." பக்கத்தில் கிடந்த ஆரஞ்சு நிற மிதவையைக் காட்டினார். காற்றடைத்த நீளமான பை. நிமிர்த்தினால் ஒரு ஆள் உயரம் வரும். அதன் அடியிலிருந்து மெல்லிய கயிறு ஒன்று, கைப்பிடி வைத்த ரீலில் சுற்றியிருந்தது. "கீழ இறங்கினதும் இதுல காத்து ஊதி மேல விடுவாங்க. ரீல் கீழ இருக்கிறவர் கையில. மிதவை மேல. அது போற பக்கம் நான் போவேன். ஆளுக்கு ஒரு மிதவை வேணும்னு சொன்னேன். டாக்டரோட அண்ணன், ‘ஒண்ணு போதும், அதுவும் நம்ம கலருக்கு ஒத்துப்போகல’ன்னுட்டார்."

"கலரா?" என்றான் வால்.

"அவர் துணிக்கடை வச்சிருக்கார்," என்றார் டாக்டர், கடலைப் பார்த்தபடி.

"இந்த மிதவை தண்ணியில எப்படி இருந்தது?" என்று கேட்டாள் அத்தை.

"முதல்ல காவல்காரன் மாதிரி விறைப்பா நின்னுச்சும்மா. காத்து இந்தப் பக்கம் அடிக்குது, இது எதிர்ப் பக்கம் போகுது, அவ்வளவு ஜோரு. பாறைத்திட்டைச் சுத்தி நானும் பின்னாடியே போனேன். அப்புறம் அண்ணன் மட்டும் மிதவை பக்கத்துல தலையை நீட்டினார், படகுல ஏத்திக்கிட்டேன். ‘மாப்பிள்ளை கீழதான் இருக்கார், மீன் பார்த்துட்டு வருவார், தொந்தரவு பண்ணாதே’ன்னார். நானும் மிதவை பின்னாடியே இருந்தேன். அது என்னமோ வயிறு முட்டச் சாப்பிட்டவன் மாதிரி படுத்துக்கிச்சு. காத்து போன பக்கமே போச்சு."

"அப்பவே இழுத்துப் பார்க்கலையா?"

"கீழ ஆள் பிடிச்சிருக்கிற கயிறை மேலிருந்து இழுக்கக்கூடாதும்மா. ஆள் சர்ருனு மேல வந்துட்டா உடம்புக்கு ஆகாது. ரொம்ப நேரம் பொறுத்துட்டுத்தான் இழுத்தேன். ரீல்தான் வந்துச்சு."

வாலின் கண்கள் பளிச்சிட்டன. "மேடம், புரிஞ்சிருச்சு! மிதவைக்குக் கீழ ஆளே இல்ல. மாப்பிள்ளை கயிறை விட்டுட்டு, இன்னொரு படகுல ஏறி, இந்நேரம் எங்கேயோ உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்கார்!"

"அவர் டீ குடிக்க மாட்டார்," என்றார் டாக்டர். "பல்லுக்குக் கறைன்னு நான் நிறுத்திட்டேன்."

"அப்ப கண்டிப்பா டீதான் குடிச்சிட்டிருக்கார்."

அத்தை இதற்கெல்லாம் காது கொடுக்கவில்லை. மிதவையை எடுத்தாள், படியின் ஓரத்தில் குனிந்து தண்ணீரில் போட்டாள். அது சோம்பேறியாகச் சாய்ந்து மிதந்தது. கயிற்றைப் படியின் அடியிலிருந்த இரும்பு வளையத்துக்குள் விட்டு, இழுத்துப் பிடித்தாள். மிதவை வெடுக்கென்று எழுந்து நின்றது. விட்டாள், படுத்தது. இழுத்தாள், நின்றது.

"பாதி சரி," என்றாள் வாலிடம். "படுத்திருந்தப்ப கீழ ஆள் இல்ல. ஆனா நின்னப்ப?"

"நின்னப்ப..." வால் தலையைச் சொறிந்தான்.

"கீழ இருந்து ஒருத்தர் இழுத்துப் பிடிச்சாதான் நிக்கும். அது எப்போ படுத்தது? ஒரு ஆள் படகுல ஏறினதும் படுத்தது. அப்படின்னா கயிறு யார் கையில இருந்தது?"

டாக்டர் கடைப் பக்கம் திரும்பினார். "அண்ணன்," என்றார் மெல்ல.

அண்ணன் கடையின் முன்பக்கத்து சோபாவில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்து, கடைக்கு வந்த இரண்டு பேரிடம் காலைச் சம்பவத்தை விவரித்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த மீன் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு முழம் வளர்ந்துகொண்டிருந்தது. காலடியில் அவருடைய டைவிங் சாமான்கள்: கிளிப்பச்சை நிற மேல்சட்டை, கிளிப்பச்சை நிற முகமூடி, காலில் மாட்டும் கிளிப்பச்சைத் துடுப்பு ஒன்று.

"இன்னொரு காலுக்கு?" என்று கேட்டாள் அத்தை.

"படகுல ஏறும்போது கழண்டு தண்ணியில விழுந்துருச்சு மேடம்."

"விழல," என்றார் பின்னால் நின்ற படகுக்காரர். "ஒத்தைத் துடுப்போடதான் மேல வந்தீங்க. நான்தானே அதைக் கழட்டி வாங்கினேன்."

"இருக்கலாம். அந்தப் பதற்றத்துல எது எங்க விழுந்துச்சுன்னு யார் பார்த்தா?"

அத்தை மேல்சட்டையைத் தூக்கினாள். மார்புப் பக்கத்தில் ஒரு இரும்பு வளையம். அதைப் பிடித்திருந்த தையல் பாதி கிழிந்து, நூல் மயிர் மாதிரி சிலுப்பிக்கொண்டிருந்தது.

"இது ஏன் பிஞ்சிருக்கு?"

"பழைய சட்டை மேடம். எத்தனை வருஷமா போடறேன்!"

அத்தை சட்டையைத் திருப்பி வாலிடம் நீட்டினாள். கழுத்துப் பக்கம், நனைந்து சுருண்ட ஒரு சின்ன அட்டை தொங்கியது.

"விலைச்சீட்டு," என்றான் வால். "துணிக்கடைக்காரரே சீட்டைக் கிழிக்காம துணி போட்டா, நாங்கல்லாம் எங்க போறது?"

வந்திருந்த இரண்டு பேரும் நைசாக நழுவினார்கள். அண்ணன் துண்டை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

"ரீலை நீங்க கையில வச்சுக்கல," என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. "இந்த வளையத்துல மாட்டினீங்க. மிதவைக்குள்ள காத்து ஊதினதும் அது மேல பாயும்; ரீல் சிக்கிச்சுன்னா ஆளையும் சேர்த்துத் தூக்கும். கையில இருந்தா விட்டுடலாம். சட்டையில மாட்டினா எதை விடறது? மிதவை உங்களைத் தூக்கிடுச்சு. ஒருத்தர் உங்க காலைப் பிடிச்சு நிறுத்தப் பார்த்தார். துடுப்பு அவர் கையோட போச்சு. சரியா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையே பாதி வாக்குமூலம்.

"கையில பிடிச்சா வீடியோ எடுக்க முடியல," என்றார். "மாட்டாதீங்க மச்சான்னு கரையிலயே ரெண்டு தடவை சொன்னார். அவர் முதுகு திரும்பினதும் மாட்டினேன். ஊதினேன். அவ்வளவுதான், யாரோ கிரேன் வச்சுத் தூக்கின மாதிரி... ரீலைப் பிடுங்கிக் கையில எடுக்கறதுக்குள்ள ரொம்ப மேல வந்துட்டேன். குனிஞ்சு பார்த்தா அவர் இல்ல. வருவார் வருவார்னு கயிறைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினேன். சிலிண்டர்ல காத்து தீர்ற மாதிரி ஆச்சு. ஏறிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினார் படகுக்காரர்.

"எங்கே அவர்னு நீ கேட்டே. ‘கீழ இருக்கார்’னு வாயில வந்துருச்சு. ரெண்டு நிமிஷத்துல வந்துருவார், எதுக்கு என் மானம் போகணும்னு நினைச்சேன். வரல. காவல்படை வந்தாங்க. அவங்ககிட்டயும் அதையே சொன்னேன். அப்புறம் மாத்திச் சொல்ல நாக்கே எழும்பல."

டாக்டர் அண்ணன் முன்னால் வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்றுதான் வால் நினைத்தான். அவர் அடிக்கவில்லை.

"அண்ணா, உன் வாய்க்குள்ள எத்தனை தடவை கையை விட்டிருப்பேன்," என்றார். "இப்படி ஒரு சொத்தை உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். அதற்கு நேரம் கொடுக்காமல் படகுக்காரர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம் சார். எங்க நடந்துச்சு? பாறைத்திட்டுக்கு முன்னாடியா, தாண்டினப்புறமா?"

"முன்னாடி. பாறை அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு."

படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "போச்சு! பாறைகிட்ட தண்ணி ரெண்டாப் பிரியும்மா. மேல்தண்ணி இந்தப் பக்கம், அடித்தண்ணி துறைமுக வாய்ப் பக்கம். இவர் மேல்தண்ணியோட வந்தார். நானும் இவர் மிதவையைப் பார்த்துப் பாறைக்கு இந்தாண்ட சுத்தி வந்துட்டேன். மாப்பிள்ளை அந்தாண்ட மேல வந்திருப்பார். நடுவுல பாறை. படகும் அவருக்குத் தெரியாது, அவர் தலையும் எனக்குத் தெரியாது. மிதவை வேற இல்ல. அலையில தலை எம்மாத்திரம், தேங்காய் மாதிரிதான்."

"காவல்படை எங்க தேடுது?"

"மிதவையை நான் இழுத்த இடத்துல. நேர் எதிர்த் திசை."

அத்தை கடை மேஜையில் இருந்த வயர்லெஸ்ஸை எடுத்து நீட்டினாள். படகுக்காரர் அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னார். முதலில் திட்டுதான் வந்தது, பிறகு உத்தரவு. நாங்கள் திரும்புகிறோம், நேரமாகும், துறைமுக வாய்க்கு நீதான் பக்கம், உடனே கிளம்பு.

"நான் கரையிலேயே இருந்து நிலைமையைக் கண்காணிக்கிறேன்," என்றான் வால்.

"ஏறு," என்றாள் அத்தை.

படகு பாறைத்திட்டைத் தாண்டும்வரை பறந்தது. தாண்டியதும் படகுக்காரர் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். டாக்டர் பொறுமையிழந்தார். "ஏன் மெதுவாப் போறீங்க?"

"ஆள் தண்ணியில இருக்கக்கூடிய இடம் டாக்டர். அடியில விசிறி சுத்துது. வேகமாப் போய் நானே அவர் மேல ஏத்தினா?" படகுக்காரர் ஒரு கையால் கண்ணுக்குக் குடை பிடித்து ஒவ்வொரு அலையாகப் பார்த்தார். அண்ணன் முன்பக்கம் முட்டிபோட்டு, தொண்டை கிழிய "மாப்பிள்ளை! மாப்பிள்ளை!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கடல் எந்தப் பதிலும் சொல்லவில்லை. பக்கவாட்டில் வால் தலையைத் தொங்கப் போட்டு, காலைச் சாப்பாட்டைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அத்தை," என்றான் ஈனக் குரலில். மேடம் எல்லாம் மறந்துவிட்டது. "என் வயித்துக்குள்ள யாரோ விசில் அடிக்கிறாங்க."

"என்னது?"

"சத்தியமா. பீ... பீ...னு கேக்குது."

அத்தை கையை உயர்த்தினாள். படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். அண்ணன் வாயை மூடினார். அலை படகின் விலாவில் தட்டும் சத்தம். அதற்கு மேலே, மெல்லியதாக, விட்டு விட்டு, ஒரு விசில்.

"மாப்பிள்ளை சட்டையில எப்பவும் விசில் கட்டியிருப்பார்!" என்று துள்ளினார் படகுக்காரர்.

துறைமுக வாயில், கப்பல்களுக்கு வழி காட்டும் பெரிய இரும்பு மிதவை ஒன்று சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் ஏணியைக் கட்டிப்பிடித்தபடி ஒரு கறுப்பு உருவம். தலைக்கு மேலே கடற்பறவைகள் வரிசையாக உட்கார்ந்து, இந்த ஆள் எப்போது இடத்தைக் காலி செய்வான் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தன. உருவம் ஒரு கையைத் தூக்கி எதையோ ஆட்டியது. கிளிப்பச்சை நிறம்.

"மனசுக்குள்ள இந்தக் கலரைத் திட்டிட்டிருந்தேன்," என்றான் வால். "வாபஸ் வாங்கிக்கறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை, அழவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். படகு மெல்லப் பக்கத்தில் ஒட்டியது. படகுக்காரரும் வாலும் மாப்பிள்ளையைக் கைத்தாங்கலாக இழுத்துப் படகில் போட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது, பற்கள் கடகடவென்று தந்தியடித்தன. கண்ணைக் கசக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். டாக்டரைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே சுருங்கிப்போனது, பெரிய தப்புப் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

"என்னை மன்னிச்சுடு," என்றார். "உங்க அண்ணனைத் தொலைச்சுட்டேன். காலைப் பிடிச்சேன், கழண்டு வந்துருச்சு. கொஞ்ச நேரம் தேடினேன், காணல. மேல வந்தேன், படகும் இல்ல. காலைல இருந்து இதைப் பிடிச்சுக்கிட்டு ஒரே யோசனை, உன்கிட்ட இதை எப்படிச் சொல்லப் போறேன்னு."

டாக்டர் விரலால் படகின் முன்பக்கத்தைக் காட்டினார். அங்கே அண்ணன் முட்டிபோட்ட மேனிக்கே இருந்தார்.

மாப்பிள்ளை பார்த்தார். "மச்சான்!" என்று அலறியபடி கைகளை ஊன்றி நகர்ந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார். "உயிரோட இருக்கீங்களா மச்சான்! அடி எதுவும் படலையே? காது வலிக்குதா?"

இத்தனை நேரம் அழுததெல்லாம் அழுகையே இல்லை என்பதுபோல் அண்ணன் அழுதார். அத்தை கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள்; கண்ணாடியில் உப்புத் தண்ணீர் பட்டுவிட்டதாம். வால் அதை நம்பின மாதிரி காட்டிக்கொண்டான்.

டாக்டர் முதலில் அசைந்தார். படகின் வயர்லெஸ்ஸை எடுத்து அண்ணன் கையில் வைத்தார். "நீயே சொல்லு."

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். "சார், மாப்பிள்ளை கிடைச்சுட்டார். நல்லா இருக்கார். காலைல நான் சொன்னது பொய். கயிறு என் கையிலதான் இருந்துச்சு. படகுக்காரர் மேல எந்தத் தப்பும் இல்ல. எழுதிக்கங்க சார், எந்தத் தப்பும் இல்ல."

படகுக்காரர் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினார். கிளப்ப வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அதன்மேல் குனிந்திருந்தார்.

டாக்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாப்பிள்ளைக்குப் போர்த்தினார், பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார், பிறகு அந்த முதுகிலேயே முகத்தைப் புதைத்து விம்மினார். மாப்பிள்ளைக்கு எந்த ஒன்றுக்கும் காரணம் புரியவில்லை. நீட்டிய காலை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. பகல் முழுக்க ஏணியைக் கவ்வியிருந்த தொடை இரண்டும் மரத்துக் கட்டையாகியிருந்தன.

"நாளைக்குக் கல்யாணம் இருக்குதானே?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"இருக்கு," என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "நீங்க எங்கேயும் மிதந்து போகலேன்னா."

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நாற்காலி போடுவாங்களா?"